அண்ணாச்சியின் பன்றித் தாடை

நம் புதைபடிவப் பிரிவில் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். ஜனக்புரியில் பால்கனியில் நாலு தொட்டி வைத்து, நான் பாட்டுக்குக் கொத்தமல்லி வளர்த்துக்கொண்டிருந்தேன். இனி நீங்கள் அனுபவிக்க வேண்டியதுதான். நான் தமிழில்தான் எழுதுவேன். டில்லியிலேயே பிறந்து, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் ஆபீசில் அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று அவர்களுக்கும் ஒருவழியாகத் தெரிந்துவிடும்.

கருவிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எங்கள் காலத்தில் மலையைப் பார்க்க மலை ஏறினோம். நீங்கள் டிரோனை ஏற்றிவிட்டு ஜீப்பில் உட்கார்ந்து சமோசா சாப்பிடுகிறீர்கள். தப்பில்லை, முழங்காலாவது மிஞ்சும். நான் சொல்லப் போவது ஒரு பன்றித் தாடையைப் பற்றி.

டில்லியிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குச் சிவாலிக் மலையடிவாரத்துக்குப் போய்விடலாம். சிம்லாவுக்குப் போகிற கூட்டமெல்லாம் அந்தக் குன்றுகளைத் தாண்டித்தான் போகிறது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழை அறுத்துவிட்ட பக்கத்திலிருந்து பார்த்தால் பவானி ஜமக்காளத்தை உதறிக் காயப்போட்ட மாதிரி இருக்கும். அடியில் செங்கல் சிவப்பு, அதன்மேல் சாம்பல், அதற்கும் மேலே மஞ்சளும் பழுப்பும். ஒவ்வொரு பட்டையும் ஒரு காலத்து ஆறு கொண்டுவந்து போட்ட மண். அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. மலையே புரண்டு படுத்துக்கொண்ட இடங்களும் உண்டு, அவற்றை இப்போது விட்டுவிடுவோம். அந்தந்த மண்ணுக்குள் அந்தந்தக் காலத்து யானை, நீர்யானை, ஆமை, பன்றி எல்லாம் எலும்பு கல்லாகி உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே ஓர் எலும்பு எந்த நிறத்துப் பட்டையிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதற்கு வயது சொல்ல முடியும். தெரியாவிட்டால் அது வெறும் கனமான கல். வீட்டில் இட்லி மாவுப் பாத்திரத்தை மூடி வைக்க உதவும்.

நமச்சிவாயம் அண்ணாச்சி தென்காசிக்காரர். ஆபீசில் எனக்கு மூத்தவர். அப்போது நாங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்சில் இருந்தோம். அவர் வீடு எங்களுக்கு நேர் கீழே. தலையைக் குனிந்தே நடந்து பழகிய மனிதர். காய் வாங்கப் போனாலும் தரையைப் பார்த்துக்கொண்டேதான் போவார். எதிரில் வருகிறவர்கள் இவர் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துக் கூடவே தேடியிருக்கிறார்கள். இத்தனை வருடம் மலைகளில் அலைந்தும் பேர் சொல்லும்படி அவருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பன்றியின் கீழ்த்தாடை.

அவர் மனைவி சரஸ்வதி அக்காவுக்கு அதில் ஒரு சங்கடம். மற்ற வீட்டு ஆண்கள் இயக்குநராகிறார்கள், வெளிநாடு போகிறார்கள், இவர் ஒரு பன்றியோடு நின்றுவிட்டாரே என்று. குடியிருப்பில் யாராவது கேட்டால் 'வராகம்' என்றுதான் சொல்வார். கேட்டவர்கள் ஏதோ கோயில் சிலை என்று எண்ணிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அக்காவும் அதைத் திருத்தமாட்டார்.

அந்தத் தாடையின் பெருமை என்னவென்றால், அது கிடைத்தது அடியில் இருக்கும் சிவப்புப் பட்டையில். அந்த வகைப் பன்றி அதுவரை சாம்பல் பட்டையில்தான் கிடைத்திருந்தது. அப்படியானால் இது அந்தக் குலத்திலேயே மூத்தது என்று ஆகிறது. அண்ணாச்சி அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நாலு பேர் மேற்கோள் காட்டினார்கள். பிறகு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள், தாடை மரப்பெட்டிக்குள் போனது.

இங்கே நம் தொழில் விதி ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் கிடக்கும் எலும்பை நம்பக் கூடாது. அது மேலே எங்கிருந்தோ உருண்டு வந்திருக்கலாம். இதை எங்களுக்கெல்லாம் கண்டிப்பாகச் சொன்னதே அண்ணாச்சிதான். ஆனால் இந்தத் தாடை சரிவில் கிடக்கவில்லை. செம்மண்ணுக்குள் பல் வரைக்கும் புதைந்து இருந்தது. சுற்றிலும் தோண்டி, கையொடிந்தவனுக்குப் போடுவது போல மண்ணோடு சேர்த்து மாவுக்கட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் சிவப்பு என்றுதான் எழுதியிருப்பேன். நீங்களும் அப்படித்தான். இல்லை என்று சொல்கிறவர் இன்னும் வெயிலில் நின்று பார்க்காதவர்.

அண்ணாச்சி ஓய்வு பெறும் மாதத்தில் எங்கள் ஆபீசில் ஒரு சின்னக் காட்சிக்கூடம் திறப்பதாக ஏற்பாடாயிற்று. பெரிய இடத்திலிருந்து விருந்தாளி வருகிறார் என்றார்கள். வெள்ளையடித்தார்கள், பூந்தொட்டி வைத்தார்கள், ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக்கூட மாற்றினார்கள். எங்கள் பிரிவின் தலைவியை நாங்கள் மேடம் என்றே சொல்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் கூடத்தின் நடுக் கண்ணாடிப் பெட்டியை அண்ணாச்சியின் தாடைக்கு ஒதுக்கினார். கேட்காமலே செய்தார். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. சரஸ்வதி அக்கா ஜனக்புரியிலிருந்தும் ஆர்.கே.புரத்திலிருந்தும் சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்துவிட்டார். ஏறக்குறைய ஒரு வளைகாப்புக்கான கூட்டம்.

தாடையைச் சுத்தம் செய்யும் வேலை என்னிடம் வந்தது. மேடத்தின் உத்தரவு ஒரே வரி: "சமக்னா சாஹியே." பளபளக்க வேண்டும், அவ்வளவுதான்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மதியம். செம்மண் ஈரத் தூரிகைக்குச் சமர்த்தாக வழிந்து வந்தது. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு விரிசல். அதை அடைத்திருந்த சிவப்பை ஊசியால் எடுத்தேன். உள்ளே ஒரு குழி. அது இளம்பன்றி, அதன் கடைசிப் பல் முழுதாக முளைத்திருக்கவில்லை. முளைக்காத பல்லின் அடியில் அப்படி ஒரு குழி இருக்கும். அதற்குள் கெட்டியாக இறுகிப்போய் இருந்தது சாம்பல் நிற மணல்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். எலும்பு முதன்முதலில் எந்த மண்ணில் புதைகிறதோ அந்த மண்தான் குழிக்குள் போய்க் கல்லாகும். வெளியே ஒட்டியிருப்பது வழியில் ஒட்டியது. அதாவது, இந்தத் தாடை பிறந்த வீடு மேலே சாம்பல் பட்டை. என்றோ ஒரு மழையில் பிய்ந்து கீழே விழுந்திருக்கிறது. அடுத்தடுத்த மழைகள் செம்மண்ணை வாரி அதன்மேல் மூடிவிட்டன. வாடகைக்கு வந்தவரைப் பரம்பரைக் குடித்தனக்காரர் என்று நாங்கள் எழுதிவைத்திருக்கிறோம். மூத்த பன்றி என்ற பட்டம் போயிற்று. இது ஏற்கெனவே கிடைத்த பன்றிகளோடு இன்னொரு பன்றி.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்த மணலை ஊசியால் சுரண்டி எடுக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகியிருக்காது. எடுத்திருந்தால் யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. அதற்குத் திருட்டுத்தனம்கூட வேண்டாம். எனக்கு வந்த உத்தரவே சுத்தம் செய் என்பதுதானே. நம் வேலையில் சாட்சிகள் அழிவது கெட்ட மனிதர்களால் அல்ல. சொன்னதைச் சொன்னபடி செய்யும் நல்ல பிள்ளைகளால். உங்களில் மிகவும் சமர்த்தாக இருக்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மேடத்திடம் நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். அதுதான் முறை. ஆனால் நான் அண்ணாச்சி வீட்டுத் தேங்காய்ப்பால் சொதியை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டவள். அவருடைய தாடையைப் பற்றி அவருக்கு முன்னால் இன்னொருவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவரைக் கூப்பிட்டனுப்பினேன். நீங்களாக இருந்தால் அதற்குள் போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டிருப்பீர்கள், அதற்கு மூன்று பேர் கட்டை விரலும் காட்டியிருப்பார்கள். நானும் போனைக் கையில் எடுத்தேன். அவர் பார்க்கும் முன்பு படம் எடுப்பது போலீஸ்காரர் வேலையாகத் தோன்றியது. திரும்பவும் பையில் போட்டுவிட்டேன்.

அண்ணாச்சி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மறுநாளுக்கு எடுத்ததை ஒத்திகைக்காக இன்றைக்கே போட்டிருந்தார். கையில் கண்ணாடிப் பெட்டிக்கான பெயர்ப்பலகையின் அச்சு. 'மிகத் தொன்மையான' என்ற சொல் போதுமான பெரிதாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். நான் கைலென்சை நீட்டினேன்.

நெடுநேரம் பார்த்தார். சிவப்பு மண்ணும் நாள்பட்டால் வெளுக்கும் என்றார். வெளுக்கும்தான், அது பொய்யில்லை. அவரே ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டார். மணல் நனைந்து கறுத்தது, சிவக்கவில்லை. நடுவே காக்காப்பொன் துகள்கள் மின்னின. அந்த மினுமினுப்பு அங்கே சாம்பல் பட்டையில்தான் உண்டு என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவரே அவர்.

லென்சை மேசையில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஏ வசந்தா, இத நீ ஒரு வாரம் கழிச்சுச் சொல்லிருக்கக் கூடாதா?"

ஒரு வாரம் கழித்தால் அவர் ஓய்வு பெற்றிருப்பார். விழா முடிந்திருக்கும், அக்காவின் சொந்தக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்தக் கேள்வியில் அத்தனையும் இருந்தது.

"ஒரு வாரம் கழிச்சு இந்த மண்ணே இருக்காது, அண்ணாச்சி. கழுவித் தரச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. மேடம்தான். நான் எடுக்கும் முன் அண்ணாச்சியே எடுத்தார். தயாரா என்று கேட்டிருக்க வேண்டும். ஜல்தி, ஜல்தி என்று எனக்கே கேட்டது. தாடை இதோ ஆகிவிட்டது, கொஞ்ச நேரத்தில் நானே கொண்டுவருகிறேன் என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"ஊசியக் கொடு."

கொடுப்பதா வேண்டாமா? அவர் மூத்தவர், தாடை அவருடையது, விழா அவருடையது. கொடுக்காமல் இருந்தால் அவரை நான் நம்பவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதாக ஆகும். கொடுத்தால், அந்த மணலை அவரே சுரண்டிவிடலாம். இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் பதில் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் சொல்லித் தரமாட்டார்கள். ஊசியைக் கொடுத்தேன். அறையை விட்டு நகரவும் இல்லை.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாடையின்மேல் குனிந்தார். ஊசி முனை விரிசலுக்குள் போனது. சிவப்பாக ஒரு பொடி உதிர்ந்தது. பிறகு இன்னொன்று. அவர் சாம்பல் மணலைத் தொடவில்லை. அதைச் சுற்றிலும் நான் விட்டுவைத்திருந்த செம்மண்ணை ஒவ்வொரு துணுக்காக எடுத்துக்கொண்டிருந்தார். குழி நன்றாகத் திறந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தாலும் தெரிகிற மாதிரி அந்த மணல் பளிச்சென்று வெளியே வந்தது. பெயர்ப்பலகை அச்சைத் தன் பக்கம் இழுத்து, சட்டைப்பையிலிருந்த பேனாவால் 'மிகத் தொன்மையான' என்பதை அடித்தார். எந்த அடுக்கு என்பது உறுதியாகவில்லை என்று எழுதினார்.

"பொறவு கட்டுரைக்கும் ஒரு திருத்தம் எழுதணும்லா. நீயும் கையெழுத்துப் போடு" என்றார். குரலில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. தாடையைத் தட்டில் ஏந்திக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனார்.

அங்கே என்ன நடந்தது என்று பிற்பாடு மேடம்தான் சொன்னார். லென்சில் பார்த்திருக்கிறார். கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கிறார். பெட்டியை மாற்றட்டுமா, நடுவில் யானைத் தந்தத்தை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். இது இருக்கட்டும் மேடம் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். பலகை அடிக்கிறவன் போவதற்குள் ஓடுங்கள் என்று மேடமே பியூனை விரட்டியிருக்கிறார்.

மறுநாள் விழா. சரஸ்வதி அக்கா பட்டுப்புடவையில் முன்வரிசையில். சொந்தக்காரர்கள் அவர் பின்னால். அண்ணாச்சி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்பது அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. விருந்தாளி வந்தார், நாடாவை வெட்டினார், நடுப்பெட்டிக்கு வந்து பலகையைப் படித்தார். படிக்கிற விருந்தாளி கிடைப்பது அபூர்வம், அன்றைக்கென்று ஒருவர் வந்து சேர்ந்தார். பல்லில் மட்டும் ஏன் அழுக்கை விட்டுவைத்திருக்கிறீர்கள், இத்தனை வருடமாகியும் இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையா என்று இந்தியில் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. ஆனாலும் பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அண்ணாச்சி விறைப்பாக நின்றார். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், நேற்றுத்தான் தெரியாது என்று தெரிந்தது, அந்த மண்ணை எடுத்துவிட்டால் இனி யாருக்கும் தெரியாமல் போய்விடும், அதனால் விட்டிருக்கிறோம் என்றார். தென்காசி இந்தி. அன்று அதில் ஒரு பிழையும் என் காதில் விழவில்லை. விருந்தாளி தலையாட்டிவிட்டு யானைத் தந்தத்துக்குப் போய் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். சரஸ்வதி அக்கா மட்டும் பெட்டியின் அருகிலேயே நின்று கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தோடு முடித்தால் நீங்கள் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் உண்மையைச் சொன்னதற்கு உடனே மாலை விழும் என்று நினைத்து வேலைக்கு வந்திருந்தால் அந்த எண்ணத்தை இப்போதே இறக்கி வையுங்கள். அண்ணாச்சி என்னோடு பேசவில்லை. சண்டை இல்லை, கோபமாக ஒரு வார்த்தை இல்லை. படியில் பார்த்தால் தரையைப் பார்த்துக்கொண்டு போவார். அது அவர் வழக்கம்தான் என்பதால் குற்றமும் சொல்ல முடியாது. சொதி மட்டும் நிற்கவில்லை. முன்பெல்லாம் கிண்ணத்தை அவரே கொண்டுவருவார், இப்போது அக்கா மூட்டுவலியோடு மாடி ஏறி வந்து கொடுத்தார். செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கிண்ணத்தை வாங்கும்போதெல்லாம் மனசு வலித்தது.

டில்லி வெயிலும் மழையும் போய்க் குளிர் இறங்கியது. நாங்கள் மலைக்குக் கிளம்பும் காலம். புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் வாசல் மணி அடித்தது. திறந்தால் அண்ணாச்சி. தலையில் குரங்குக் குல்லா, தோளில் பழைய காக்கிப் பை, கையில் சுத்தியல். அக்காவிடம் ஏற்கெனவே சண்டை போட்டு வந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"மேடத்துட்ட கேட்டுட்டேன். ஜீப்புல ஒரு ஆளுக்கு எடம் இருக்காம்லா" என்றார். "இத்தன வருசம் அந்தச் செவப்பையே சுத்திச் சுத்தி வந்தேன். மேல ஒரு நாளும் ஏறித் தேடினதில்ல."

அந்தக் குன்றின் சாம்பல் பட்டை செங்குத்தானது. இளம் பிள்ளைகளே அதில் நாலு கால்களில்தான் ஏறுவார்கள். நான் பாதி வழியில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். ஓய்வு பெற்ற மனிதர் எனக்கு மேலே, சாம்பல் மணலில் குப்புறப் படுத்து, மூக்கு தரையில் உரசத் தேடிக்கொண்டிருந்தார். காலையில் தொடங்கியவர் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை. குல்லா, மீசை, சட்டை எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, கையில் ஒன்றுமே கிடைக்காத ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் சரஸ்வதி அக்கா என் போனுக்குக் கூப்பிட்டார். அண்ணாச்சி போனில் சிக்னல் இல்லையாம். இவர் சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, அந்த வராகத்தின் மிச்சம் ஏதாவது அகப்பட்டதா என்று வரிசையாகக் கேட்டார். என்ன சொல்லட்டும் என்று நான் கீழேயிருந்து கத்தினேன்.

அண்ணாச்சி நிமிரவில்லை. மணலில் இருந்து கண்ணை எடுக்காமலே கையை மட்டும் ஆட்டினார்.

"ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லு. நாளைக்கும் இருக்கப் போறோம்னு சொல்லு."